செவ்வாய்க்கிழமை

நகைக்கடைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில்
எழுதிப் பார்த்தேன்.
திங்கள், குழுக்கடன், ஆயிரத்து எண்ணூறு.
செவ்வாய், மற்றக் குழு. அதற்கு நான்தான் தலைவி.
புதன், தையல் மெஷினுக்கு.
வெள்ளி, ஃப்ரிட்ஜுக்கு; அது பழுதாகி இரண்டு வருடம்,
உள்ளே துணி மடித்து வைத்திருக்கிறேன்.
தாலிக்கொடி அடகில். அதற்குக் கிழமை இல்லை,
கழுத்தைத் தொடும்போதெல்லாம் தவணை.

கன்னியாவில் ஏழு கிணறு,
ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு.
என் கடனும் அப்படித்தான்.
இருபத்தெட்டு வீதம், நாற்பது வீதம்.
மச்சான் தந்ததற்கு வட்டியே இல்லை,
அதுதான் அதிகம் சுட்டது.
எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றினால்
பொறுக்கிற சூட்டுக்கு வருமோ என்று
வங்கிக்குப் போனேன்.

உட்துறைமுக வீதி. ஏசிக்கு நேர் கீழே கதிரை.
உத்தியோகத்தர் நல்ல பிள்ளை,
திரையைப் பார்த்தபடியே சொன்னார்:
"அக்கா, கிரிப் ரிப்போர்ட்டில உங்கட பேர் சரியில்லை.
அரசாங்க வேலையில ரெண்டு பேர் பிணை நின்றால் பார்க்கலாம்."
கடனை அடைக்கக் கடன் கேட்டால்
கடன் இல்லாதவளாய் வா என்கிறார்கள்.

அரசாங்க வேலையில் எனக்குத் தெரிந்தவர்
நீர்ச்சபையில் மீட்டர் பார்க்கும் ஜெயசீலன்.
அவருக்கும் நான் தர வேண்டும்.
பிறகு பாலையூற்றில் பிரதாயினி ரீச்சர்.
தேத்தண்ணீர் தந்தாள், பிஸ்கட் தந்தாள்,
கையெழுத்தைத் தவிர எல்லாம் தந்தாள்.
குற்றம் சொல்ல மாட்டேன்;
போன வருடம் முழுக்க
யாரோ எடுத்த கடனுக்கு
அவளுடைய சம்பளம் வெட்டுப்பட்டது.

பஸ் நிலையத்தில் நின்றேன்.
நிழலில் படுத்திருந்த மான் எழுந்து வந்து
விண்ணப்பத்தை முகர்ந்தது,
ஒரு மூலையைக் கடித்தது,
துப்பியது.

கடைசியில் கின்னியா உம்முசல்மா ராத்தா.
சட்டைத்துணிக் காசு நாற்பதாயிரம் பாக்கி,
அவளைக் கண்டால் ஒழுங்கை மாறுகிற ஆள் நான்.
மார்க்கெட்டில் பிடித்துவிட்டாள்.
என் கையிலிருந்த தாளைப் பறித்து வாசித்தாள்,
நெடுநேரம்.
"சீட்டில முதல் கை எனக்கு. நீ எடு.
எல்லாரையும் முடி.
பிறகு மாதம் ஒண்டாந் திகதி என்ட முகத்தை மட்டும் பாரு."
எழுதித் தரவா என்றேன்.
"எழுதினதெல்லாம் உனக்கு என்ன செஞ்சது?" என்றாள்.

கடன் ஒரு ரூபாயும் குறையவில்லை.
கதவு தட்டும் நாள்தான் குறைந்தது.
இனி ஒரே முகம்,
அந்த முகத்துக்கு நான் பொய் சொல்ல முடியாது.
அதுதான் புது வட்டி.

இன்று செவ்வாய். பத்து மணி.
ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம்.
எழுந்து மெஷின் விளக்கை அணைத்துவிட்டேன்,
பழக்கம்.
வந்தது தபால்காரர்.
மகன் வாசலில் நின்று, நான் சொல்லிக் கொடுத்தபடி,
"அம்மா வீட்டில இல்லை" என்கிறான்.

இருக்கிறேன் என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
முதல் தரம் குரல் வரவில்லை.