இனிஷியல்

ரூவியில் மத்தியான வெயில்.
ஷார்ஜாவிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தவள்
தூத்துக்குடி கோர்ட் தாளை என் மேஜையில் விரித்தாள்:
மாதம் ஆறாயிரம்,
முப்பத்தொரு மாதப் பாக்கி.

பனிமயன் என்று அடிக்க
அரபியில் அந்த ப இல்லை.
இருக்கிற ப, உதட்டை அதிரவைக்கும்.
அதைத்தான் அடித்துக் கொடுத்தேன்.

கம்பெனி கவுன்ட்டரில்
பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு
"இது வேற ஆள்" என்றார்களாம்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தாள்.
மறுபடி அடித்தேன், அடைப்புக்குறிக்குள்
பாஸ்போர்ட்டில் உள்ளபடியும் சேர்த்து.

ரியாலுக்குப் பர்ஸைக் கிளறும்போது
பிள்ளையின் ஸ்கூல் கார்டு விழுந்தது.
ப. ஜெர்லின், மூன்றாம் வகுப்பு.
அதில் ப சரியாகவே இருந்தது.

தப்பு என்னுது, காசு வேண்டாம் என்றேன்.

"பிடிங்கண்ணே,
யாருக்கும் நான் பாக்கி வைக்கிறதில்ல."