தீக்குச்சி கடைசியில்

டோங்காட் மேட்டில் பதினோரு ஏக்கர் கரும்பு.
கொளுத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.
கொளுத்தப் பன்னிரண்டு நிமிடம் போதும்,
எல்லோருக்கும் தெரியும்.

நான் செவ்வாய்க்கிழமையே தொடங்கினேன்.
வேலியோரம் பத்தடிக்குச் சருகை வாரி
செம்மண் தெரியச் சுரண்டினோம்.
துலானி டிராக்டரில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றினான்.
குழாய் முனையில் வாஷர் கசிந்தது.
கசிவதென்றால் செவ்வாய்க்கிழமை கசியட்டும்.
கோணிப்பை நாற்பது இருக்க வேண்டும். எண்ணினேன்,
முப்பத்தெட்டு.
இரண்டை மச்சினர் நாய்க்கு விரித்திருந்தார்.

மேற்கு வேலிக்கு அப்பால் ம்கீசே வீடு.
படியேறிப் போய்ச் சொன்னேன்:
வியாழன் காலை துணி காயப்போடாதீர்கள்.
அந்த அம்மாள் சிரிக்கவில்லை.
போன வருஷம் நான் சொல்லாமல் கொளுத்தியதில்
மூன்று பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில்
கரி மழை பெய்திருந்தது.

"ஒரு தீக்குச்சிக்கு இத்தனை கல்யாண ஏற்பாடா?"
வேனில் சாய்ந்துகொண்டு பூபாலன் மச்சினர் கேட்டார்.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று
பழமொழி வேறு.
தூற்றுகிறவர்களுக்கு அது சரி, மச்சினரே.
கொளுத்துகிறவர்களுக்கு என்ன பழமொழி,
எனக்குத் தெரியாது.
கோணிகளை மறுபடி எண்ணினேன்.

வியாழன். நாலரை மணி. புல்லில் பனி.
மூலைக்கு இரண்டு பேராக எட்டுப் பேர்.
ஒன்பது மணிக்கு லாரி, ஆலையில் நேரம் குறித்தாயிற்று.
பெட்டியிலிருந்து குச்சியை எடுத்தேன்.

கன்னத்தில் ஒரு வெதுவெதுப்பு.
ஆகஸ்ட் குளிரில், மலைப்பக்கமிருந்து,
யாரோ அடுப்படிக் கதவைத் திறந்தாற்போல.
சருகு ஒன்றைக் கிள்ளி மேலே விட்டேன்.
வழி கேட்காமல் அது
மேற்கு வேலியைத் தாண்டப் பார்த்தது, பிறகு கிழக்கே,
பிறகு சுற்றிக்கொண்டு மறுபடி மேற்கே.
அங்கே ம்கீசே வீட்டுக் கொடி தெரிந்தது,
ஒரு துணியும் இல்லாமல்.

குச்சியைப் பெட்டிக்குள் வைத்தேன்.

மூன்று நாள் உழைப்பும் வீண் என்றார் மச்சினர்.
எட்டுப் பேர் கூலி, லாரிக்காரனுக்கு அபராதம்,
கொடுக்கும்போது வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் அந்தப் படியில் நான் ஏறியிருக்காவிட்டால்
அந்தக் காற்று எனக்கு வெறும் காற்று.
லாரியின் அவசரமே என் கையைப் பிடித்து
உரசியிருக்கும்.

சனிக்கிழமை விடியலில் ஓர் இலை அசையவில்லை.
பன்னிரண்டு நிமிடம்.
நனைத்து வைத்த கோணி ஒன்றைக்கூட
யாரும் தூக்கவில்லை.

தூக்காத குவியலின் மேல்
நாய் ரோமத்தோடு இன்னும் இரண்டு கிடந்தன.
யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.
நாற்பது.