நூற்றிருபது ஓம்

தெமட்டகொடைப் பாலத்தடியில் நின்றுபோனதாம்.
டாஷ்போர்ட் முழுக்க விளக்கு,
வெசாக் பந்தல்போல, என்றார் பந்துல.
பிறகு தானாகவே ஸ்டார்ட் ஆகியும் விட்டதாம்.
மழை நாளில் மட்டும் இப்படி.

முன்பு பார்த்த கராஜ் ஏபிஎஸ் பெட்டியை மாற்றியிருக்கிறது.
பஞ்சிகாவத்தையில் பழசு ஒன்று, எண்பத்தையாயிரம்.
பில்லை மடித்து சன்வைசரில் செருகி வைத்திருக்கிறார்,
வழக்குக்குக் கொண்டுபோகிறவர்போல.

ஸ்கேனரைச் சொருகினேன்.
U0121.
ஏபிஎஸ்ஸோடு பேச முடியவில்லை என்கிறது எஞ்சின்.
ஸ்டியரிங்கும் அதையே சொல்கிறது.
ஹைபிரிட் பெட்டியும்.
ஏபிஎஸ்ஸிடம் கேட்டால் மறுமொழியே இல்லை.

யூ எழுத்தில் தொடங்குகிற கோடுகளை
நான் அப்படியே நம்புகிறதில்லை.
அது நோயாளி சொன்னதல்ல,
பக்கத்து வீட்டார் சொன்னது:
மூன்று நாளாகக் கதவு திறக்கவில்லை, சேர்.
ஆள் செத்துப்போனார் என்றா அர்த்தம்?
அழைப்பு மணியின் வயர் அறுந்திருக்கலாம்.
போன கராஜ் கதவைத் தட்டிப் பாராமலே
ஆளை அடக்கம் செய்துவிட்டு
அதே வீட்டில் இன்னொருவரைக் குடிவைத்திருக்கிறது.

பற்றரியைக் கழற்றினேன்.
ஆறாம் பின், பதினாலாம் பின். மீற்றரை வைத்தேன்.
இரண்டு வயர், ஒன்றையொன்று முறுக்கி ஓடுகிறவை,
முனைக்கொரு ரெசிஸ்டர்.
இரண்டு முனையும் ஓம் என்றால் அறுபது காட்டும்.
இப்போது நூற்றிருபது.
ஒரு முனை மட்டும் தனியே இருந்து
ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.
இஃப்ராஸ் சிரித்தான்.
பந்துல என்ன என்று கேட்டார்.
இஃப்ராஸ் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தான்.
பகிடி போய்விட்டது.

நல்ல காலம், இன்று காலையும் மழை.
காய்ந்த நாளில் வந்திருந்தால்
அறுபதைக் காட்டி என்னையும் ஏமாற்றியிருக்கும்.

இடப்பக்க ஆசனத்தைக் கழற்றினோம்.
ஆணித் தலைகளில் துரு.
கம்பளத்தைத் தூக்கி
வயர்க் கட்டின் டேப்பை நகத்தால் கீறினேன்.
உள்ளே பச்சை. செம்பு பூத்துப்போய்,
தொட்டதும் ஒரு வயர் கையோடு வந்தது.
அதோடு மண்.
மாவாய் அரைத்த மாதிரி, மஞ்சள்.

இந்த மண்ணை எனக்குத் தெரியும்.
வெல்லம்பிட்டியில் எங்கள் வீட்டு ஃபிரிஜ்ஜின்
கதவு ரப்பருக்குள் இதுதான் இருக்கிறது.
டூத்பிரஷ்ஷால் எடுக்க எடுக்க வரும்.
களனி கங்கை.

தண்ணி படாத வாகனம் என்றுதான் விற்றார்களாம்.
பந்துல கம்பளத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.
விடச் சொல்லியும் விடவில்லை.
அடியில் ஒரு சின்னப் பிள்ளையின் ஒற்றை மேசு,
பலகைபோலக் காய்ந்து கிடந்தது.
அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

வெட்டினேன், சுரண்டினேன், ஈயம் வைத்தேன்.
முறுக்கு மாறாமல் திரும்ப முறுக்கினேன்.
அறுபது தசம் இரண்டு.
பற்றரி. சாவி.
விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.
கோடுகளை அழிக்கவா என்று ஸ்கேனர் கேட்டது.
அழித்தேன்.

ஆறாயிரத்து ஐந்நூறு என்றேன்.
ஒரு வயருக்கா என்றார்.
நான் சன்வைசரைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார். தந்தார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
பில்லில் வெள்ளம் என்று எழுத வேண்டாம்,
அடுத்த மாதம் விற்கப்போகிறேன் என்றார்.

இஃப்ராஸ் ஸ்பேனர்களைத் துடைக்கத் தொடங்கினான்,
ஏற்கெனவே துடைத்தவற்றை.

பில் புத்தகத்தை எடுத்தேன். கார்பன் தாளைச் சரிசெய்தேன்.
வாகன இலக்கம், திகதி, தொகை
எல்லாம் சிங்களத்தில்.
வேலை விபரம் என்ற இடத்தில் மட்டும் தமிழில்:
ஆற்று மண். இடப்பக்கக் கம்பளத்தின் கீழ்.

வாங்கிப் பார்த்தார். தலையாட்டினார்.
மடித்து, மற்றதோடு சேர்த்துச் செருகினார்.
வாங்கப்போகிற ஆள் யாரோ, எனக்குத் தெரியாது.
தமிழ் வாசிக்கிறவராயும் இருக்கலாம்.