செப்டம்பரில் வருகிறதாம்

செப்டம்பரில் வருகிறதாம்.
அடியோடு மாற்றிவிட்டார்களாம்.
யுகேந்திரன் இரவெல்லாம் முன்னோட்டம் பார்த்துவிட்டுக்
கண் சிவந்து வந்து நிற்கிறான்:
"டிராக்கே கிடையாதுக்கா, எல்லாம் ஒரே கோடு.
துண்டுங்க தானா நகர்ந்து ஒட்டிக்குமாம்."

எனக்கு ஒட்டவில்லை.
பாடாங் செராயில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்
ஒன்பது வருடமாய்த் தட்டித் தட்டி
வெட்டும் விசையில் எழுத்தே இல்லை.
நூற்றுப் பத்துக் கல்யாணம், எழுபது காதுகுத்து,
கோயில் கமிட்டிச் சண்டை ஒன்று
(அழிக்கச் சொன்னார்கள், வைத்திருக்கிறேன்).
எது எங்கே என்று கேட்டால்
எனக்குத் தெரியாது, சுண்டுவிரலுக்குத் தெரியும்.

செம்பனை லோரி போனால் மேசை நடுங்கும்,
திரையில் மணப்பெண்ணும்.

சந்திரமலர் வாரம் தவறாமல் அழைப்பாள்:
"வந்துடுச்சாக்கா?"
பதிப்பு எண்கூட அவளுக்கு மனப்பாடம்.
தாலி ஏறும் நொடியில்
கேமராவுக்குக் குறுக்கே எழுந்த பெரியப்பாவின் வழுக்கை,
நான்கு வினாடி, முழுத் திரை,
உச்சியில் மண்டப விளக்கு பளபளக்க.
புதியது அந்தத் தலையைத் துடைத்துவிட்டுப்
பின்னால் இருப்பதை வரைந்துவிடுமாம்.
பின்னால் என்ன இருந்தது என்று
அதற்கு எப்படித் தெரியும்?
"யூகிக்கும்க்கா" என்றான் யுகேந்திரன்.
தாலியையா?

மழை பிடித்த ஒரு புதன்கிழமை
அவள் பெரியம்மா மாடியேறி வந்தார்.
சொட்டும் குடை, பிளாஸ்டிக் பையில் ரம்புத்தான்.
"சிரிக்கிற மாதிரி அவரு படம் ஒண்ணு வேணும்மா,
முப்பதாம் நாளுக்குப் பேப்பர்ல போடணும்."
எனக்குச் செய்தியே தெரியாது.

பதினொரு மணி நேரப் பதிவை ஓட்டினோம்.
வாசலில் பாதித் தோள். பந்தியில் முதுகு.
யாரோ ஒருத்தியின் கொண்டைக்கு அப்பால் ஒரு காது.
முகங்களைத் தானே தேடித் தருமாம் புதியது.
முகம் இருந்தால் தரும்.
கடைசியில் அந்த நான்கு வினாடி.
பெரியம்மா திரையைத் தொட்டார்.
"எண்ணெ வச்சுவிட்டது நான்தான்" என்றார்.

காசு வாங்கவில்லை.
ரம்புத்தானை யுகேந்திரன் தின்று தீர்த்தான்.

நேற்று அறிவித்தார்கள், செப்டம்பர் இல்லையாம்,
அடுத்த வருடமாம்.
அவன் முகம் தொங்கிப்போனது.
எனக்கும்தான், கொஞ்சம். ஏனென்று தெரியவில்லை.
சந்திரமலரிடம் இன்னும் சொல்லவில்லை.
இந்த வாரம் அவள் அழைக்கவும் இல்லை.