அது எந்த நட்சத்திரம்

எல்கி பள்ளத்தாக்கில் மேகம் வருவது
கடன்காரன் காசு திருப்புவது மாதிரி, எப்போதாவது.
அதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.
ஆளுக்கு ஒன்பதாயிரம் பெசோ,
ஒரு போர்வை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய ஒரு கோப்பை ஒயின்,
பிறகு வானம்.

சட்டைப்பையில் பச்சை லேசர். பேனா அளவு.
அமுக்கினால் இருட்டில் ஒரு நூல் கிளம்பி
கேட்டை நட்சத்திரத்தின் செந்தணலைத் தொட்டுவிட்டதாகவே
சத்தியம் செய்வார்கள் சுற்றுலா வந்தவர்கள்.
தொடாது.
போய்ச்சேர ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகும்.
நான் திருத்துவதில்லை.
மனிதனுக்கு அவ்வளவு நீள விரல் உண்டென்று
நம்பிக்கொண்டே தூங்கப் போகட்டும்.

ஜூலை, சனிக்கிழமை.
வால்பரைசோ குடும்பம் ஒன்று.
கடைக்குட்டி ரெமிஹியோ, ஆறு வயது,
மூக்கைப் போர்வையில் துடைத்தபடி கேட்டான்:
"அது மட்டும் ஏன் நடக்கிறது?"

கை முந்திக்கொண்டது.
யார் எதைக் கேட்டாலும் அதன்மேல் கோடு போட்டே
இருபது வருடம் பழகிய கை.
அது நட்சத்திரமில்லை, விமானம் என்று
வாய் வந்து சேர்வதற்குள்
இரண்டு நொடி. மூன்றாகவும் இருக்கலாம்.
அது தன்பாட்டுக்கு மலையைத் தாண்டி
லா செரேனா பக்கம் இறங்கியது.
பையன் டாட்டா காட்டினான்.
நான் தெற்குச் சிலுவைக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டாம் நாள் ஒருத்தி தனியாக வந்தாள்.
இரவிலும் கறுப்புக் கண்ணாடி.
சீட்டு வாங்கினாள், முன்வரிசையில் உட்கார்ந்தாள்,
எல்லோரும் அண்ணாந்தபோது
அவள் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
கூட்டம் கலைந்ததும் சொன்னாள்:
"ஹிமேனா பர்ராசா. விமானி.
புகார் எழுதியாகிவிட்டது, ஆட்கள் வருவார்கள்.
அதற்கு முன் நானே வந்தேன்.
அந்தப் பேனாவைக் கொடுங்கள்.
உங்கள் வண்டியில் ஏறி உட்காருங்கள்."

என் வண்டியின் முன்கண்ணாடி
புழுதி கீறிக் கீறி நரைத்தது.
அவள் திராட்சைத் தோட்டத்தின் கடைசி வேலிவரை நடந்து போனாள்.
அங்கிருந்து கத்தினாள்: "என்னைப் பார்க்காதீர்கள்.
வேகமானியைப் பாருங்கள். எண்ணைப் படியுங்கள்."

ஒரு புள்ளி வருமென்று நினைத்திருந்தேன்.
வந்தது ஒரு சுவர்.
ஒவ்வொரு கீறலும் பற்றிக்கொண்டு
கண்ணாடி முழுக்கப் பச்சை.
வேகமானி இல்லை. ஸ்டீயரிங் இல்லை.
என் முழங்கால்கூட இல்லை.
அணைத்த பிறகும் இமைக்குள்ளே ஊதா நிறத்தில்
ஏதோ ஒன்று நீந்திக்கொண்டே இருந்தது.

"இறங்கி வாசல்வரை நடங்கள். முப்பது அடி.
உங்கள் சொந்த முற்றம்தானே."
பதினோராவது அடியில்
நானே நட்ட கள்ளியில் போய் மோதினேன்.

அவள் என்னைத் தூக்கிவிடவில்லை.
"எனக்கு அது மணிக்கு இருநூற்றிருபது கிலோமீட்டரில் நடந்தது.
ஹெர்னான் காகிதம் பார்க்கக் குனிந்திருந்தான்,
அதனால் அவன் கண் தப்பியது.
அவன்தான் இறக்கினான்.
எனக்கு ஓடுபாதை விளக்குகள் தெரிந்தன,
எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை."
பின்னால் எத்தனை பேர் என்று அவள் சொல்லவில்லை.
கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"யாரோ குடிகாரப் பயல் என்று நினைத்தேன்," என்றாள் காரில் ஏறும்போது.
"பொறுப்பான ஆள் என்று தெரிந்தது இன்னும் மோசமாக இருக்கிறது."

அபராதம் கட்டினேன். வண்டியை விற்றுத்தான்.
இப்போது முஷ்டியால் அளந்து காட்டுகிறேன்:
அந்த மின்கம்பத்தின் நுனியிலிருந்து மூன்று முஷ்டி மேலே,
பிறகு கொஞ்சம் இடப்பக்கம்.
பாதிப் பேருக்குப் புரிவதில்லை.
ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன்.

நேற்றும் ஒன்று போனது.
பேச்சை நிறுத்தினேன்.
கைகள் இரண்டையும் அக்குளில் சொருகிக்கொண்டேன்.
சிவப்பு, வெள்ளை, சிவப்பு.
மலைக்குப் பின்னால் அது இறங்கி முடியும்வரை
குளிருகிறதா என்று
யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.