முந்நூறு எழுத்துக்குள்

துறையின் நோக்கங்கள் என்று ஒரு கட்டம்.
கீழே சின்னதாக: முந்நூறு எழுத்துக்கு மிகாமல்,
வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்.

பேரணாம்பட்டில் உரக்கடைக்கு மேல்மாடி எங்கள் கல்லூரி.
பூச்சிமருந்து வாடையில் கணினித் துறை,
தடுப்புக்கு அப்பால் அறிவியல் துறை.
தடுப்பு பிளைவுட்.
சிட்டிபாபு சார் தும்மினால் என் மானிட்டர் ஆடும்.

"நீங்க என்ன எழுதினீங்க சார்?"
"அறிவியல் மனப்பான்மையை வளர்த்தல்."
"போன வருஷமும் அதுதானே?"
"அதுக்கு முந்தின வருஷமும். இன்னும் வளரலையே."

உலகத் தரம் வாய்ந்த, என்று நான் தொடங்கினேன்.
கரண்ட் போனது.
யுபிஎஸ் நாலு நிமிஷம் கூவிவிட்டு அடங்கியது.
உலகத் தரம் சேமிக்கப்படவில்லை.

புழுக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன்,
இந்த வருஷம் இங்கே என்னதான் நடந்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனி வேன் இறக்கிவிடும் பெண்கள்
நகத்தில் பசையோடு கீபோர்டைத் தொட்டார்கள்.
என்டர் ஒட்டிக்கொண்டு
வெற்று வரிகளாய் ஓடியது பக்கம் பக்கமாக.
அதைச் சாதனையில் சேர்க்க முடியாது.

ஆனியில் ரஹமத்துன்னிசா
பாட்டிலில் தெருக்கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.
சார் கொதிக்கவைத்து வற்றவிட்டார்.
பீக்கர் அடியில் வெள்ளையாய் ஒரு தோல்.
விரலால் தொட்டு நாக்கில் வைக்கப் போனவளை
"ஏய்!" என்றார்.
"தினமும் இதைத்தானே சார் குடிக்கிறோம்."
அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.
யாரும் எழுந்து போகவில்லை.

ஐப்பசியில் தேசிங்கு.
அம்மா பீடி சுற்றிய கணக்கு நோட்டு, ஏழு மாதம்,
வாரம் வாரமாக எக்செல்லில் ஏற்றினான்:
ஆயிரத்துக்கு இவ்வளவு,
இலை குறைந்ததற்குப் பிடித்தது இவ்வளவு,
காரணமே இல்லாமல் பிடித்தது இவ்வளவு.
கடைசிக் கட்டத்தில் சிவப்பாய் வந்து நின்றது
மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறு.
பிரிண்ட் எடுத்து ஏஜெண்டிடம் போனான்.
"மிஷின் தப்பா போட்டிருக்கும், போடா."

மறுநாள் கேட்டான்,
"மேடம், மிஷின் தப்பா போடுமா?"
போடாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
போடும். நாம் தப்பாகக் கொடுத்தால் போடும்.
முதல் வரியிலிருந்து இரண்டு பேரும் பார்த்தோம்.
புரட்டாசியில் ஒரு வாரம் இரண்டு முறை ஏறியிருந்தது.
அவன் முகம் விழுந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.
பிறகு அவனே திருத்தினான்,
அவனே திரும்பப் போனான்:
"எழுபத்தாறு ரூபாய் என் தப்பு.
மீதி மூவாயிரத்து நூற்று நாற்பது உங்க தப்பு."

முழுசும் வந்ததா என்று கேட்காதீர்கள்.
ஐந்நூறு வந்தது.
இப்போது இலையை அம்மா கண்ணெதிரே நிறுக்கிறார்களாம்.

கரண்ட் வந்தது.
காலிக் கட்டத்தில் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது.
எழுதினேன்:
தன் கணக்கில் தன் தப்பை முதலில் தேடவும்,
தேடி முடித்த பிறகு
குரலைத் தாழ்த்தாமல் இருக்கவும் கற்பது.

எழுத்துகள் மிச்சமே இருந்தன.
தடுப்பைத் தட்டி வாசித்துக் காட்டினேன்.
அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும்.
"ஏத்துக்குவாங்களா மேடம்?"
"தெரியலை சார்."
பிறகு ஒரு சாவியை விடாமல் அழுத்துகிற அமைதி,
ஒரு பழைய வரி முழுக்க அழிகிற நேரம்.

"அந்தப் பொண்ணு தெருவுல
மொத்தம் எத்தனை கிணறு இருக்கும்?"