விலக்கப்பட்ட தட்டு

நூக்குஸ் நகரில் குழாய்த் தண்ணீரே உப்புக் கரிக்கும்.
தேநீரில் பால் திரிந்தால்
யாரும் பாலைக் குறை சொல்வதில்லை.
விதைகளுக்காக நாங்கள்
காய்ச்சி வடித்த நீரைக் காசு கொடுத்து வாங்கி
அதில் உப்பை நிறுத்துப் போடுகிறோம்.
சிரிக்காதே, என்பார் யெரெஜெப்,
இந்த உப்புக்குக் கணக்கு இருக்கிறது.

ஆரல் கடல் விட்டுப்போன தரையில்
யாரும் விதைக்காமல் வருவது உமரி.
ஒரே செடி, ஒரே கிளை,
இரண்டு நிற விதை.
பழுப்புக்குப் பொறுமை கிடையாது.
ஈரம் பட்ட இரவே தோலைக் கிழித்து
நத்தையாய்ச் சுருண்ட உடலை நீட்டிவிடும்,
உப்பென்றும் பார்க்காது.
கறுப்பு விதை அப்படியில்லை.
மினுங்கும்.
நனையும்.
பதில் சொல்லாது.

துமார்குல் கறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
தட்டுக்கு ஐம்பது விதை.
முதல் நாள் பூச்சியம்.
ஏழாம் நாள் பூச்சியம்.
அவள் போடும் பூச்சியம் முழுதாக மூடாது,
இடப்பக்கம் மயிரிழை திறந்திருக்கும்.
குறிப்பேட்டில் ஒரு மாதம்,
வாய் மூடாத முப்பது பூச்சியங்கள்.

டிசம்பரில் ஒரு வியாழன் அவள் வரவில்லை.
வெள்ளியன்று ஆணியில் அவள் மேலங்கியும் இல்லை.
அல்மாத்தியில் மருந்துக்கடை,
மூன்று மடங்கு சம்பளம்.
அவளைப் பழுப்பு விதை என்று
யாரும் எனக்குச் சொல்லவேண்டாம்.
பன்னிரண்டு ஆண்டு
ஒரே நாற்காலியில் இருந்தவள் அவள்.

முளைப்பெட்டி வேறு ஆய்வுக்குப் போனது.
அதிலிருந்தவற்றை யாரோ
நிலவறைக்கு இறக்கியிருக்கிறார்கள்,
உடைந்த தராசுக்கும் வண்ண வாளிக்கும் நடுவே.

விதை செத்ததா தூங்குகிறதா என்று பார்க்க
ஒரு வழி உண்டு.
கத்தியால் பிளந்து மருந்தில் ஊறப்போட்டால்
உயிருள்ள கரு சிவக்கும்.
சிவந்ததை எண்ணிவிட்டுக் குப்பையில் கொட்டவேண்டும்.
உயிரோடு இருந்தது என்று எழுதலாம்.
இருந்தது.
வினைமுற்றை மாற்றியது நாங்கள்தான்.

பிப்ரவரியில் எட்டாம் தட்டைப் பிளக்கச் சொன்னார்கள்.
கைபேசி வெளிச்சத்தில் இறங்கினேன்.
மூடியின் உட்புறம் வியர்த்திருந்தது.
துடைத்தேன்.
வெள்ளை வெள்ளையாய் வேர்,
தாளைத் துளைத்து, ஒன்றையொன்று பின்னி.
படிக்கட்டில் உட்கார்ந்து எண்ணினேன்,
மூன்று முறை.
முப்பத்தொன்று.

யெரெஜெப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
அறையின் வெப்பம் எவ்வளவு?
எழுதவில்லை.
எந்த நாளில் முதல் வேர்?
யாரும் பார்க்கவில்லை.
அப்படியானால் இது முடிவல்ல, விபத்து.
குளிர்தான் பூட்டைத் திறந்திருக்கும் என்று
அவருக்கும் தெரியும்.
தெரிவது வேறு, காட்டுவது வேறு.
அவர் சொன்னது சரி,
அதனால்தான் அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.
நானே எழுதினேன்:
தட்டு எட்டு, விலக்கப்பட்டது.
வரும் குளிருக்குப் பன்னிரண்டு தட்டும்
ஒரு வெப்பமானியும் வேண்டுமென்று
மனுவும் எழுதினேன்.

படம் எடுத்து துமார்குலுக்கு அனுப்பினேன்.
நள்ளிரவு தாண்டிப் பதில் வந்தது:
என் பூச்சியங்களை அடித்துவிட்டாயா?

இல்லை.
அந்தந்த நாளுக்கு அவை சரிதான்.

முளைத்தவை இப்போது
பால்டின் ஒன்றில், ஜன்னல் ஓரம்.
குழாய்த் தண்ணீரையே ஊற்றுகிறேன்,
அளக்காமல்.
கடைசி மணி நேரத்தில் ஒருமுறை
யெரெஜெப் அதன் பக்கம் குனிந்து நின்றார்,
மனு பற்றி ஏதோ கேட்டுவிட்டுப் போனார்.

மீதிப் பத்தொன்பது விதை
இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன.
அவற்றைப் பிளக்கத் திங்கட்கிழமை குறித்திருக்கிறது.
இன்று புதன்.